மழை விட்ட பிறகு பீவர்கில்லில் ட்ரவுட் மீன் பிடிப்பது எப்படி?

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் அக்டோபரில் ஒரு பெருமழை பெய்தால், விடிவதற்குள் பீவர்கில் ஆறு காப்பி நிறமாகிவிடும். பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்குப் புதியவர்கள் அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஓரிரு நாள் பொறுங்கள். ஏறுகிற தண்ணீர் நமக்கு ஆகாது, வடிகிற தண்ணீர்தான் வேண்டும்.

முதல் வேலை வீட்டிலேயே. பீவர்கில் கரையில் குக்ஸ் ஃபால்ஸ் என்ற ஊரில் உள்ள யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு) நீர் அளவுமானியின் வரைபடத்தை இணையத்தில் பாருங்கள். கோடு உச்சியைத் தொட்டு இறங்குகிறதா? கிளம்பலாம். இறங்கியும் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருந்தால், மேலே உள்ள சின்ன ஓடைகளுக்குப் போங்கள். அவைதான் முதலில் தெளியும். பக்கத்து எசோபஸ் ஆறு அப்படியல்ல. பனியாறுகள் விட்டுப்போன களிமண் அதன் கரைகளில் இருப்பதால் சீக்கிரம் தெளியாது.

கரைக்கு வந்ததும் கைத்தடியைத் தண்ணீரில் விடுங்கள். ஒன்றரை அடி ஆழம் வரை தடி தெரிந்தால் போதும்.

அடுத்து இடம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. நடு ஆற்றின் வேகத்தோடு ட்ரவுட் மல்லுக்கட்டாது, ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பாறைக்குப் பின்னால், சாய்ந்த மரத்தடியில், புல் மூழ்கிய கரையோரத்தில் நிற்கும். சில சமயம் உங்கள் காலிலிருந்து நாலடி தள்ளிக்கூட நிற்கும். மீன் நிற்கும் இடத்திலேயே இறங்கி, நடு ஆற்றைப் பார்த்து வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. இறங்குவதற்கு முன் கரையோரத்தில் வீசிப் பாருங்கள். இறங்கினாலும் முழங்காலுக்கு மேல் வேண்டாம்.

கலங்கலில் பெரிய, கறுத்த உருவம்தான் மீனின் கண்ணில் படும். 6 அல்லது 8 எண் கொக்கியில் கட்டிய கறுப்பு வூலி பக்கர் என்ற செயற்கை இரையை எடுங்கள். அதைக் கட்டும் நரம்பு 3எக்ஸ் என்ற சற்றுத் தடித்த அளவில் இருக்கட்டும், இந்தத் தண்ணீரில் மீன் அதைப் பார்த்து மிரளாது. கரையோரமாக விட்டு, அரை அடி அரை அடியாக மெதுவாக இழுங்கள். அப்புறம், ஒவ்வொரு வீச்சுக்கும் கொக்கியைப் பாருங்கள். இந்தப் பருவத்தில் மழை உதிர்ந்த இலைகளையெல்லாம் ஆற்றுக்குக் கொண்டுவந்துவிடும். இலை சிக்கிய கொக்கியை எந்த மீனும் தொடாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிரவுன் ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் முட்டையிடுவது இலையுதிர் காலத்தில்தான். பொடிக்கல் தரையில் துடைத்துவிட்டது போல வெளிறிய திட்டு தெரிந்தால், அது முட்டைக் குழி. அதில் கால் படக்கூடாது, அங்கே நிற்கும் ஜோடிக்குத் தூண்டிலும் போடாதீர்கள். கலங்கலில் குழி கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆழமில்லாத பொடிக்கல் பரப்பைச் சுற்றிக்கொண்டு கரை வழியாகவே நடந்துவிடுங்கள்.