தட்டினால் ‘தொப்’ என்கிறதா? வீட்டில் வாத்தியம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, இரு முனைகளையும் கட்டையில் இறுக்கி ஆணியடித்துவிட்டு, “ஏன் தொப்தொப் என்கிறது?” என்று கேட்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் தொடங்கினேன். தட்டும்போது குழாயின் முனைகளும் நடுப்பகுதியும்தான் அதிகம் ஆடுகின்றன. அங்கே பிடித்தால் ஓசை செத்துவிடும். ஆடாத இடங்கள் இரண்டு உண்டு: ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22.4 சதவீதம் தள்ளி. 30 செ.மீ. குழாய்க்கு ஏறக்குறைய 6.7 செ.மீ. அங்கே நூல் கட்டித் தொங்கவிட்டால் அதே குழாய் மணி மாதிரி ரீங்கரிக்கும்.

அடுத்தது நீளக் கணக்கு. தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜமம் வரும், அதாவது சுருதி ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) ஏறும், சரி. குழாயைப் பாதியாக வெட்டினால் ஒரு ஸ்தாயி அல்ல, இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஒரு ஸ்தாயி போதுமென்றால் சுமார் 70 சதவீத நீளம் மிஞ்ச வேண்டும். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, கேட்டுக் கேட்டு அரத்தால் ராவுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் குழப்பம் வேறு. ஜலதரங்கம் போலத் தட்டினால், தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும். அதே பாட்டிலின் வாயில் ஊதினால் ஏறும். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் தண்ணீரும். ஊதும்போது அதிர்வது உள்ளே மிச்சமிருக்கும் காற்று. தட்டிப் பார்த்து அளவுக் கோடு போட்ட பாட்டில்களை ஊதினால் வரிசையே தலைகீழாகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சத்தம் போதவில்லை என்று ஒரு பொருளைத் தூக்கிப் போடுவது. இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ஹ்யூ டேவிஸ் 1968-இல் ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியின் அட்டைகளுக்குள் ரம்ப பிளேடு, பேரிங், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பொருத்தி ஒரு வாத்தியம் செய்தார். ‘ஷோ’வில் தொடங்கி ‘ஸிக்’கில் முடியும் தொகுதி அது, வாத்தியத்துக்கும் ‘ஷோஸிக்’ என்றே பெயர். வெறும் காதுக்கு எட்டாத சுரண்டல்களை ஒலிபெருக்கி வழியாகக் கேட்கவைத்ததுதான் அதன் உயிர்.

அதற்கு விலையுயர்ந்த மைக் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவைப் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் கிடைக்கும் 27 மி.மீ. பீசோ வட்டு (அதிர்வை மின்சாரமாக மாற்றும் மெல்லிய தகடு) போதும். ஆனால் வாங்கி வந்தவர்கள் அதை நேராக ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியின் லைன் உள்ளீட்டில் செருகிவிட்டு, தகர டப்பா மாதிரி கேட்கிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். குற்றம் வட்டினுடையது அல்ல. உள்ளீட்டின் மின்மறுப்பு (இம்பிடென்ஸ்) 10 கிலோஓம் அளவில் இருந்தால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் மெலிந்துபோகும். பெரும்பாலான கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் இருப்பது போல 1 மெகாஓம் உள்ளீடு கொடுங்கள். அடித்தொனி திரும்பி வரும். வயரைப் பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை ஓரிரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், நடுவிலுள்ள வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும். தடித்த ஃபோம் டேப்பால் ஒட்டினால் அதுவே அதிர்வை விழுங்கிவிடும். கிளிப் போட்டு அழுத்திப் பிடியுங்கள். புது ஓசை தேடி, கரண்டில் ஓடும் மிக்சி, ரேடியோ எதையும் திறந்து விளையாட வேண்டாம். பேட்டரிப் பொம்மைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வாசிப்பு. ராகமோ தாளமோ நிர்ணயிக்காமல் நான்கு பேர் உட்கார்ந்தால், முதல் இரண்டு நிமிடத்திலேயே ஆளாளுக்குத் தங்கள் சாமான்கள் அத்தனையையும் காட்டிவிடுகிறார்கள். சந்தைக் கடை! ஒருவருக்கு ஒரு பொருள், பத்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றையே நகத்தாலும் ஈரத் துணியாலும் உருளும் கோலியாலும் பேசவைக்க வேண்டிய கட்டாயம் வரும். பக்கத்தில் இருப்பவரின் மெல்லிய ஒலி உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். தெரிந்த சினிமாப் பாட்டு மெட்டுக்குள் நழுவவும் வேண்டாம்; நழுவினால் கேட்பவர் அடுத்த வரியைத் தேட ஆரம்பித்துவிடுவார், தட்டு மறந்துபோகும்.

பதிவு செய்து கேட்பது நல்லது. ஆனால் பல கைபேசிகள் மெல்லிய ஒலியைத் தாமே உயர்த்தி, பெரிய ஒலியை அமுக்கிவிடுகின்றன. பதிவில் எல்லாரும் ஒரே அளவில் வாசித்தது போல இருக்கும். ஒலியளவு தானாக மாறுவதை நிறுத்தும் வசதியுள்ள செயலியில் பதிவு செய்தால்தான் யார் யாரை மூழ்கடித்தார் என்று தெரியும்.