கிராமத்துப் பொதுப் பணியிடத்துக்கு (பலரும் மேசை எடுத்து வேலை செய்யும் கோ-வொர்க்கிங் இடம்) அரசு மானியம்: விண்ணப்பிக்கும் முன்

ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் சோலார் பேனலுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே செய்த செலவைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை.

கட்டடத்தின் கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வையுங்கள். சோலாரால் கார்பன் உமிழ்வு எவ்வளவு குறையும் என்று விண்ணப்பத்தில் காட்ட அதுதான் அடிப்படை. அடுத்து சுமைக் கணக்கு, அதாவது எவ்வளவு மின்சாரம் தேவை என்ற கணக்கு. மடிக்கணினி, மானிட்டர் சேர்த்து மேசைக்கு 100 வாட் என்றால், 10 மேசைக்கு 8 மணி நேரத்தில் 8 யூனிட். ஏசி நுழைந்தால் கணக்கே மாறிவிடும். அதனால் மானியத்தில் கூரை வெப்பத்தடுப்பை முதலில் கேளுங்கள்.

ரூட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் தனி பேட்டரி வேண்டும். இரண்டும் 30 வாட் இழுத்தால், 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, பாதி சார்ஜை மட்டும் பயன்படுத்தினாலும், மின் இழப்பு போக சுமார் மூன்றரை மணி நேரம் தாங்கும். கரண்ட் போனதும் இணையமும் போகிற இடத்துக்கு யார் மறுபடி வருவார்கள்?

மானியம் பல நேரம் செலவழித்த பிறகே வரும். இடைக்காலக் கடனுக்கு வங்கியில் முன்பே பேசிவிடுங்கள்.