சளிச்சவ்வில் தடுப்பூசியின் விளைவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்ட்ரோல் (ஒப்பிடும் குழு) வைக்க மறப்பது, குழாயில் பெயர் எழுதாமல் விடுவது எல்லாம் இங்கே வராது. அதையெல்லாம் பக்கத்தில் வேலை செய்பவரே திட்டித் திருத்திவிடுவார். சளிச்சவ்வு போர்த்திய மூக்கிலும் நுரையீரலிலும் குடலிலும் அளக்கும்போது நடக்கும் தவறுகள் வேறு ரகம். எண்கள் அழகாக வரும், படமும் அழகாக வரும், அளந்தது மட்டும் வேறொன்றாக இருக்கும்.

நுரையீரலில் கிடைத்ததெல்லாம் நுரையீரலுடையது இல்லை

சமீபத்தில் ஒரு மாணவர் உற்சாகமாக வந்தார். தசையில் போட்ட தடுப்பூசிக்கே சுண்டெலியின் நுரையீரலில் சிடி8 டி செல்கள் (நோயுற்ற செல்லைக் கொல்லும் வெள்ளணுக்கள்) குவிந்திருக்கின்றனவாம். "கொல்வதற்கு முன்னால் வால் சிரையில் ஆன்டிபாடி போட்டாயா?" என்று கேட்டேன். "இல்லை சார், ஆனால் பிபிஎஸ் உப்புக்கரைசல் செலுத்திக் கழுவிவிட்டேன். நுரையீரல் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது."

அந்த வெள்ளைதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. நுரையீரல் வெளுத்தால் சிவப்பணுக்கள் போய்விட்டன என்று அர்த்தம், அவ்வளவுதான். தந்துகிகளில் தங்கியிருக்கும் டி செல்கள் எவ்வளவு கழுவினாலும் அசைவதில்லை. கழுவிய நுரையீரலில் எண்ணிய நினைவு சிடி8 செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) பெரும்பாலானவை ரத்தநாளத்துக்குள்ளேயே இருந்தன என்று சுண்டெலிகளில் எப்போதோ காட்டிவிட்டார்கள். ஆகவே அவர் எண்ணியதில் எவ்வளவு திசு, எவ்வளவு ரத்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வெள்ளணுக்களில் ஒட்டும், ஒளிரும் சிடி45 ஆன்டிபாடி சுமார் 3 மைக்ரோகிராம் சிரையில் செலுத்தி, 3 நிமிடம் காத்திருந்து, பிறகு திசுவை எடுப்பது. ரத்தத்தில் உள்ள செல்லில் நிறம் ஏறும், திசுவுக்குள் இருப்பதில் ஏறாது. அதே எலியின் ரத்தத்தில் ஒரு துளியையும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய எல்லா வெள்ளணுவும் நிறமேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி சிரைக்குள் போகவில்லை, அந்த எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

"அப்புறம் திசுவில் குடியிருக்கும் செல்லுக்கு அடையாளமான சிடி69, சிடி103 புரதங்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாமே" என்பார்கள். முடியாது. சிடி69 தூண்டப்பட்ட செல்லிலும் வரும். சிடி103 இல்லாமலே திசுவில் குடியிருக்கும் செல்கள் ஏராளம், அதிலும் சிடி4 என்ற உதவி டி செல்களில். எனக்கு எரிச்சல் எதற்கென்றால், முதல் டோஸ், பூஸ்டர் என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, கடைசி 3 நிமிடத்தைத் தவறவிடுகிறார்கள். செத்த எலிக்கு ஊசி போட முடியாது. மறுபடி முதலிலிருந்துதான்.

மூக்கைக் கழுவிய நீரில் வெறும் ஐஜிஏ அளவு

ஐஜிஏ என்பது சளிச்சவ்வில் சுரக்கும் ஆன்டிபாடி வகை. கழுவும்போது ஒருவரிடம் பாதி நீர் திரும்பி வரும், இன்னொருவரிடம் கால்வாசிகூட வராது. மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று எழுதினால் நீங்கள் அளந்தது கழுவிய விதத்தைத்தான். ஆன்டிஜெனை (தடுப்பூசியின் இலக்குப் பொருளை) பிடிக்கும் ஐஜிஏவை மொத்த ஐஜிஏவுக்கு எதிரான விகிதமாகக் கொடுங்கள். ரத்தம் கசிந்ததா என்று பார்க்க ரத்தப் புரதமான ஆல்புமினையும் அளந்துவிடுங்கள். ஐஜிஜி என்ற இன்னொரு ஆன்டிபாடி வகை பெரும்பாலும் ரத்தத்திலிருந்துதான் கசிந்து வருகிறது. ஐஜிஏ அங்கேயே சுரந்தது என்று சொல்ல வேண்டுமானால் சுரப்புக்கூறு (சளிச்சவ்வைக் கடக்கும்போது ஐஜிஏவோடு சேரும் புரதத் துண்டு) ஒட்டியிருப்பதைக் காட்டும் ஆன்டிபாடியால் எலைசா சோதனை செய்ய வேண்டும்.

உமிழ்நீர்

ஈறில் ரத்தம் கசிகிறவரின் மாதிரியை, ரத்தப் புரதமான டிரான்ஸ்ஃபெரின் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குங்கள். உமிழ்நீர் வேகமாக ஊறினால் ஐஜிஏ செறிவு குறையும், சுரக்கும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூக்கில் விட்டது மூக்கில் நிற்காது

மயக்கத்திலிருக்கும் சுண்டெலிக்கு மூக்கில் 50 மைக்ரோலிட்டர் தடுப்பூசி விட்டால் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கோடு நிற்க வேண்டுமென்றால் விழித்திருக்கும் எலிக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர்.

திசுவைக் கரைக்கும் நொதி

திசுவிலிருந்து செல்களைப் பிரிக்கச் சேர்க்கும் சில நொதிகள், செல்லை அடையாளம் காட்டும் மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டிவிடும். மண்ணீரல் செல்களில் பாதியை அதே நொதியில் ஊறவைத்து, மீதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிடி4 செல் காணாமல் போனதற்குத் தடுப்பூசியைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மல மாதிரி

எடுத்தவுடன் புரோட்டியேஸ் தடுப்பான் (புரதம் சிதையாமல் காப்பது) சேருங்கள், மாலையில் இல்லை.

ரத்தத்தில் பிளாஸ்மாபிளாஸ்ட்

பிளாஸ்மாபிளாஸ்ட் என்பது ஆன்டிபாடி சுரக்கும் இளம் செல். தடுப்பூசி போட்ட 7ஆம் நாளை ஒட்டி ரத்தம் எடுங்கள். 28ஆம் நாள் தேடினால் கிடைக்காது.