வாவிக்கரைப் பறவைகளைப் பெயர் சொல்லிப் பழக

மட்டக்களப்பு வாவியில் பறவை பார்க்கப் புறப்படுகிறவர் முதலில் கணக்கெடுக்க வேண்டியது வெயிலை. ஊரார் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு இடத்துக்கே பெயராக வைத்துவிட்டார்கள்: சூரியன் எழும் கிழக்குக் கரை எழுவான்கரை, படும் மேற்குக் கரை படுவான்கரை. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தண்ணீரில் நிற்கும் பறவையின் நிறம், கால், சொண்டு எல்லாம் துலங்கும். மாலையில் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். மாறி நின்றால் வாவி முழுவதும் தகடாய் மினுங்கும். கொக்கும் நீர்க்காகமும் ஒரே கறுப்பு நிழலாய்த்தான் தெரியும். மண்முனைப் பாலம் திறந்தபிறகு ஒரே நாளில் இரண்டு கரையும் பார்ப்பது லேசாகிவிட்டது. ஆனால் பாலத்தின் நடுவில் நின்று பார்க்க வேண்டாம். லொறி ஒன்று போனாலே அதிர்வு பைனாகுலர் கண்ணாடிக்குள் ஆடும். பாலத்தடியில் கரையோரமாக நில்லுங்கள். முதலை உள்ள இடங்களில் நீர்விளிம்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

நல்ல நேரம் காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் இருட்டும் வரை. பத்து மணிக்குமேல் தரையிலிருந்து கானல் எழும்பித் தூரத்துப் பறவை நெளியத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எந்த மாதம் என்று கேட்டால், வலசை வருபவற்றுக்கு ஐப்பசி முதல் பங்குனி வரை. உள்ளான் வகைகள் வடக்கிலிருந்து வந்து இறங்கும் காலம் அது. ஆறுமணிக்குருவியும் அப்போதுதான் வரும். காலை ஆறு, மாலை ஆறு என்று மணி பார்த்தாற்போலக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பற்றைக்குள் நிலத்தில் சருகு கிளறிக்கொண்டு திரியும். குரலைக் கேட்டுவிட்டு மரத்தில் தேடினால் அகப்படாது.

அடைமழையில் வாவி நிரம்பினால் குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமில்லை. அவை வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள், சிதறிவிடும். முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டியபின் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியத் தொடங்குகிற நாட்களைத் தவறவிடாதீர்கள். கோடையில் கணக்கு வேறு: உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்கள் வற்றும்போது மீன் ஓரிடத்தில் ஒடுங்கும், நாரையும் கூழைக்கடாவும் அங்கே திரளும். வயலென்றால் உழவு நாள்தான் சிறந்தது. மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசையாய் நடக்கும். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாகக் கட்டிய வரம்பை மிதித்து உடைத்தவரை மறுமுறை யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

கண்ணாடி

பைனாகுலர் வாங்குவதானால் 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அந்த அளவு ஒளிவட்டம் கண்ணுக்கு வருவதால் விடியற்புறத்திலும் தெளிவாகத் தெரியும். 10 மடங்குக்குப் போனால் பறவை பெரிதாகும், கைநடுக்கமும் கூடவே பெரிதாகும். நூறு மடங்கு என்று பெட்டியில் அச்சடித்து விற்பவற்றைத் தொடவே வேண்டாம்.

பலர் கண்ணாடி சரியில்லை என்று குறைப்படுவது அதைச் சரிசெய்யாமல் பார்ப்பதால். முதலில் இரண்டு குழலையும் விரித்தோ மடக்கியோ, தெரிவது ஒரே வட்டமாக வரும்வரை அமையுங்கள். பிறகு வலக்குழலை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகுங்கள். எழுத்துத் தெளிந்ததும் இடக்குழலை மூடி, வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை ஞாபகத்தில் வையுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் றப்பர் வளையத்தை மடித்துவிட வேண்டும்.

கடற்காற்று இதற்குப் பெரிய எதிரி. உப்புப் படிந்த கண்ணாடியைச் சாரத்தால் துடைத்தால் உப்புமணியே கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாரியில் அலுமாரிக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நாலு வெள்ளைக் கொக்கு

வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் கொக்கு என்று சொல்லிக் கடந்துபோவதில்தான் பழகுபவர் முதலில் தடங்குவார். இங்கே நாலு வகை நிற்கின்றன. தனியே நிற்கும் கொக்கின் உயரத்தைக் கண் சரியாக அளக்காது; ஆகவே கீழிருந்து மேலாகப் பாருங்கள்: பாதம், கால், சொண்டு, கடைவாய்.

சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது பாதம் மறைந்திருக்கும், கால் தூக்கும்வரை காத்திருங்கள். சேற்றைக் காலால் கலக்கி மீனைக் கிளப்புவது அதன் வழக்கமாதலால் நெடுநேரம் காக்கவேண்டி வராது. சொண்டும் கறுப்பு. நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் பாதம் கறுப்பு, சொண்டு மஞ்சள். இந்த இரண்டையும் பிரிப்பது கடைவாய்க்கோடு: சொண்டு பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரியது. பெரிய கொக்கின் கழுத்தில் முறித்து ஒட்டவைத்தாற்போல ஒரு மடிப்பும் இருக்கும். கூடு கட்டும் காலத்தில் சொண்டு கறுத்துவிடுவதால், அப்போது சொண்டின் நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள். நாலாவது உண்ணிக்கொக்கு: குட்டைக் கழுத்து, குட்டை மஞ்சள் சொண்டு, தாடை உப்பினாற்போல முகம். இணைசேரும் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சளாகும். மாட்டில் உண்ணி பொறுக்குவதால் வந்த பெயர் என்றாலும், அது மாட்டோடு நடப்பது பெரும்பாலும் மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிக்காக.

வரம்பில் மண்நிறத்தில் கல்லுப்போல் இருந்துவிட்டு, எழும்பியதும் சட்டென்று வெள்ளைச் சிறகு விரிப்பது குருட்டுக்கொக்கு. அது ஐந்தாவது ஏமாற்று.

நாரை என்ற சொல்லை இங்கே இரண்டு குடும்பத்துக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் தீர, பறக்கும்போது பாருங்கள். சாம்பல் நாரையும் கொக்குகளும் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கழுத்தை நீட்டிப் பறக்கும். வரம்பில் வெறும் நத்தை ஓடு குவிந்து கிடந்தால் நத்தைகுத்தி அங்கே வந்துபோகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும் சொண்டு அதற்கு.

ஊர்ப்பெயரும் ஊர்க்கதையும்

ஒரு பறவையைப் பற்றி ஊரில் சொல்வது பெரும்பாலும் யாரோ நெடுநாள் கவனித்துச் சுருக்கிச் சொன்னது. ஆகவே தோணிக்காரர், வட்டைக் காவலுக்குப் போகிறவர், வீட்டு மூத்தவர்கள் ஆகியோரிடம் பெயரைக் கேட்டு எழுதிய பிறகு புத்தகத்தைத் திறவுங்கள். இங்கே செண்பகம் என்பதுதான் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் செம்போத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் புத்தகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அங்கே தெருவெல்லாம் இருக்கும் புள்ளி ஆந்தை இலங்கையில் இல்லை. இலங்கைக் காட்டுக்கோழியோ இங்கே மட்டும்தான் உண்டு. சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவில் மஞ்சள்.

ஆட்காட்டி என்ற பெயருக்கு விளக்கமே தேவையில்லை. ஆள் வருவதை ஊருக்கெல்லாம் அறிவித்து வேட்டைக்காரரைக் காட்டிக்கொடுக்கும். வெளியான நிலத்தில், சிறுகல்லுக்கு நடுவில் பெரும்பாலும் நாலு முட்டை இடும். கத்திக்கொண்டு தலைக்குமேல் பாய்ந்தால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்திலேயே நின்று, தரையைப் பார்த்து, வந்த காலடியிலேயே திரும்புங்கள். நண்பகல் வெயிலில் முட்டை திறந்து கிடந்தால் வெந்துவிடும். அதற்காகவே தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து அடைகாக்கும்; உங்களுக்குப் பயந்து அது வெளியே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்குச் சேதம்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் குயில் வந்துவிட்டது என்பார்கள். அது எங்கேயும் போகவில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே இருந்து, இணைசேரும் காலத்தில்தான் விடாமல் கூவுகிறது. கறுப்பு நிறமும் சிவப்புக் கண்ணும் ஆணுக்கு; பெண் தவிட்டு நிறத்தில் புள்ளி போட்டிருக்கும், பலர் அதை வேறு பறவை என்று நினைப்பார்கள். முட்டை காகத்தின் கூட்டில். காகம் கூட்டிலிருந்து எழும்பிக் குயிலைத் துரத்துவதைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

காகத்தைப் பழக அமாவாசை விரத நாள் போதும். சோறு வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கழுத்துச் சாம்பலாய் இருந்தால் காகம். முழுக்கறுப்பு, தடித்த சொண்டு, கரகரத்த குரல் என்றால் அண்டங்காகம்.

கும்பாபிஷேகத்தில் அண்ணாந்து தேடும் கருடன், மீன் இறங்குதுறையில் குடல் பொறுக்குவதும் அதே பறவைதான். பக்திக்கு இதில் குறையொன்றுமில்லை. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்காவி. குஞ்சுப்பருவத்தில் மண்நிறமாய் இருக்கும், அங்கேதான் பிழை வரும். வால்நுனி வட்டமா என்று பாருங்கள். அதைவிடப் பெரிதாய், அடியெல்லாம் வெள்ளையாய், சிறகை மேல்நோக்கி ஏந்திக்கொண்டு வட்டமிட்டால் கடற்கழுகு.

காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் சுலைமான் நபிக்கு ஸபா நாட்டுச் செய்தி கொண்டுவந்த ஹுத்ஹுத்தைத் தெரியாதவர் இல்லை. அதுதான் கொண்டலாத்தி. வறண்ட புல்வெளியில் வளைந்த நீளச் சொண்டால் மண்ணைக் குத்திக்கொண்டு நடக்கும். இறங்கியதும் கொண்டையை விசிறிபோல விரிக்கும்.

தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண் ஒட்டி மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்ற கதையில் களிமண் மெய். விழுந்த பழைய கூட்டைப் பிரித்துப் பாருங்கள், மண் உருண்டை இருக்கும். மின்மினியைத் தேட வேண்டாம். தலைக்கவசம்போலப் பாதியில் நிற்கும் கூடுகள் கைவிட்டவை என்று எண்ணிப் பறிக்காதீர்கள். ஆண்குருவி பெண்ணுக்குக் காட்டிச் சம்மதம் கேட்கும் கட்டம் அது.

ஒரு நம்பிக்கையோடு நாங்கள் அறவே ஒத்துப்போவதில்லை: கூகை அலறினால் சாவு என்பது. இதய வடிவ வெள்ளை முகத்தோடு ஓட்டுக்கூரைக்குள் தங்கும் அந்தப் பறவை இரவில் எலி பிடிக்கும். வேளாண்மைக்குள் எலி இருந்தால் 8 முதல் 10 அடி உயரக் கம்பு நட்டு, மேலே ஒன்றரை அடிக் குறுக்குக்கம்பு கட்டுங்கள். கூகை அதில் வந்து குந்தும். கதிர் பால்பிடித்ததும் கம்பைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிக்கு அதுவே ஆசனம். அப்போது வெருளியும் மினுங்கு நாடாவும் கட்டுங்கள். கம்பு நட்ட வயலில் எலிநஞ்சு வைக்கக் கூடாது. நஞ்சு தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் செத்துவிடும்.

கொப்பி

படம் எடுப்பதைவிட எழுதுவது வேகமாகப் பழக்கும். ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தால் போதும்: “தை 12, காலை 6.40, மண்முனைப் பாலத்தடி, எழுவான்கரை. வாடைக்காற்று. தண்ணீர் இறங்கியிருக்கிறது. சின்னக் கொக்கு 14, சேறு கலக்குது. நீர்க்காகம் 60 அளவில், கம்பில் சிறகு காயவைக்குது. தெரியாதது 1: காடைப் பருமன், நீளச் சொண்டு, வால் ஆட்டுது.” தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுங்கள். பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்தை ஒவ்வொன்றாய் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பத்துப் பத்தாய் அளவிடுங்கள்.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் மேர்லின் செயலி உதவும். வாவிக்கரைக் காற்றில் அது பிழையும் சொல்லும். பறவையைக் கண்ணால் கண்டபின் எழுதுங்கள். பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். எல்லையைக் காக்க வந்ததாக எண்ணி இரையையும் கூட்டையும் விட்டுச் சண்டைக்கு வரும்.

தெற்கே போகிறவர்களுக்கு

கூட்டம் கூட்டமாகக் கூடு பார்க்க வேண்டுமென்றால் குமண. 1938இல் பறவைச் சரணாலயமான இடம். பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலடியில் வாசல். ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரந்த குமண வில்லு என்ற நீர்நிலையில் மே, ஜூன் மாதங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஒரே மரத்தில் அடுக்கடுக்காய்க் கூடு கட்டும். கதிர்காமப் பாதயாத்திரை போகும் வழியும் இதுதான். முருகனின் மயிலையும் இங்கே காட்டில் காணலாம். கூடு உள்ள மரத்தை நெருங்கினால் பெரியவை எழும்பும், அந்த இடைவெளியில் காகம் முட்டையைக் கொண்டுபோய்விடும். லகுகலைக் குளம் வீதியோரத்திலேயே தெரியும். யானைக் காடு அது. மாலை ஐந்துக்குமேல் அணையில் தனியே நடக்க வேண்டாம். படுவான்கரைக் குளங்களுக்கும் இதே எச்சரிக்கை.

காயப்பட்ட பறவை

மீன்பிடித் தங்கூசி நூலில் சிக்கிய கொக்கை அடிக்கடி காண நேரும். ஒருவர் தனியே பிடிக்கப் போகாதீர்கள். கொக்கு நேரே கண்ணைத்தான் குத்தும். ஒருவர் துணியைத் தலையோடு போர்த்திச் சொண்டைப் பிடிக்க, மற்றவர் நூலை வெட்டட்டும். மூக்குத்துளையை அழுத்தக் கூடாது. ஆழப் பதிந்த தூண்டிலை இழுக்கக் கூடாது, நூலை நெருக்கமாய் வெட்டி விடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சந்தடி இல்லாத இடத்தில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் வளர்க்க நினைக்க வேண்டாம். காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.