வியட்நாம் கம்யூனிசத்தின் தொடக்க ஆவணங்களை வாசிப்பது எப்படி

இந்த வரலாற்றைப் படிக்க உட்காருகிறவர்கள் வழுக்கி விழுவது கோட்பாட்டில் அல்ல, பெயரிலும் தேதியிலும்தான். ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பெயர், ஊர், ஆண்டு என மூன்று பத்தி போடுவது. வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின்னையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1920களின் தாள்களில் அந்தப் பெயரில் தேடினால் ஒன்றும் சிக்காது. 1919 பாரிஸில் அவர் நுயென் ஆய் குவோக்; சீனாவின் கான்டனில் (இன்றைய குவாங்சோ) லீ துய்; 1931 ஜூனில் ஹாங்காங்கில் பிடிபட்டபோது டோங் வான் சோ.

அமைப்புகளின் பெயர்கள் இன்னும் மோசம். 1925இல் கான்டனில் தொடங்கிய ‘தான் நியென்’ என்ற புரட்சிகர இளைஞர் சங்கம் 1929இல் உடைந்தது. ஜூனில் ஹனோயில் இந்தோசீனக் கம்யூனிஸ்ட் கட்சி (பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாம், லாவோஸ், கம்போடியாவுக்குப் பொதுப்பெயர் இந்தோசீனா), அடுத்த சில மாதங்களில் அன்னாம் கம்யூனிஸ்ட் கட்சி. 1930 தொடக்கத்தில் ஹாங்காங்கில் இவ்விரண்டும் இணைந்து வியட்நாம் கம்யூனிஸ்ட் கட்சி ஆயின. அதே ஆண்டு அக்டோபரில் பெயர் மறுபடியும் ‘இந்தோசீன’ என்று மாறியது. ஆக, போலீஸ் அறிக்கையில் ‘இந்தோசீனக் கம்யூனிஸ்ட் கட்சி’ என்று வந்தால், தாளின் தேதியைப் பார்க்காமல் குறிப்பெடுக்காதீர்கள். அது 1929 குழுவாகவும் இருக்கலாம், ஒன்றிணைந்த கட்சியாகவும் இருக்கலாம். ‘அன்னாம்’ இன்னொரு பொறி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது நடு வியட்நாமையும் குறிக்கும், நாடு முழுவதையும் குறிக்கும். அன்னாம் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆள்பலம் இருந்ததோ தெற்கே, கொச்சின்சீனாவில்!

தேதிக்கு ஒரு பயிற்சி. கட்சி பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது பிப்ரவரி 3. 1960ஆம் ஆண்டு மூன்றாம் மாநாட்டில் முடிவானது. அதற்கு முன் ஜனவரி 6. 1930 பிப்ரவரி 18 தேதியிட்டு நுயென் ஆய் குவோக் கம்யூனிஸ்ட் அகிலத்துக்கு (மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் அமைப்பு) அனுப்பிய அறிக்கையும் ஜனவரி 6 என்றே சொல்கிறது. சந்திர நாட்காட்டிக் கணக்காக இருக்குமோ? அந்த ஆண்டின் டெட் புத்தாண்டு ஜனவரி 30. அப்படியானால் ஆறாம் நாள் பிப்ரவரி 4. ஒரு நாள் இடிக்கிறது. இந்த மாதிரி இடத்தில் எதையும் ‘சரிசெய்ய’ வேண்டாம். பிப்ரவரி 3, ஜனவரி 6, கணக்கில் வந்த பிப்ரவரி 4 என மூன்றையும், எது எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்படியே எழுதி வையுங்கள்.

அடுத்து, தாளை எழுதியவர் யார் என்று பாருங்கள். பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவென்ஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கும் காலனியப் போலீஸ் கோப்புகளில் உளவாளியின் தகவலும் விசாரணை வாக்குமூலமும் கலந்தே கிடக்கும். காசுக்கு உளவு சொல்பவன் ஆள்கணக்கைக் கூட்டிச் சொல்வான்; அடிவாங்கியவர் போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒப்புக்கொள்வார். ஆனால் பின்னிணைப்பைப் புரட்டாமல் கோப்பை மூடாதீர்கள்: கைப்பற்றிய துண்டறிக்கைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அங்கேதான் இருக்கும். மாஸ்கோவில் உள்ள அகிலத்தின் தாள்களில் சிக்கல் வேறு. மேலிடத்துக்கு எழுதுகிறவர் மேலிடத்தின் மொழியில்தான் எழுதுவார். கட்சி பின்னாளில் வெளியிட்ட ஆவணத் தொகுப்புகளில் மூலம் எந்த மொழியில் இருந்தது என்ற அடிக்குறிப்பை முதலில் தேடுங்கள்.

1930 பிப்ரவரியில் நடந்த யென் பாய் சிப்பாய்க் கலகத்தைக் கம்யூனிஸ்டுகளின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது தேசியவாதிகளான வியட்நாம் குவோக் தான் டாங் கட்சியின் வேலை. அதே ஆண்டு நெ ஆன், ஹா தின் மாகாணங்களில் எழுந்த நெ-தின் சோவியத்துகள் என்ற கிராமப் புரட்சி அமைப்புகள்தாம் கம்யூனிஸ்டுகளுடையவை.