ஆர்டுயினோவில் 12 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சரியாக அளப்பது எப்படி?

ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சில்லின் ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, 10 பிட் கொண்டது; 1024 படிகளில் அளக்கும். அளவீடு ஆடினால் பலரும் முதலில் நூறு முறை படித்துச் சராசரி எடுக்கும் நிரலை எழுதத் தொடங்குகிறார்கள். சராசரி ஆட்டத்தை அடக்குமே தவிர, தவறான அளவைச் சரியாக்காது. ஆகவே நிரலைக் கடைசியாக வைத்துக்கொண்டு, ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஏடிசி உள்ளே வரும் மின்னழுத்தத்தை ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, அது எத்தனை பங்கு என்பதை மட்டுமே சொல்கிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் போர்டின் 5 வோல்ட் சப்ளையே அந்த ரெஃபரன்ஸ். யுஎஸ்பி கேபிள் வழியே வரும் சப்ளை 4.7 வோல்ட்டாகக் குறைந்திருக்க, நிரல் 5 என்றே கணக்கிட்டால், 12.6 வோல்ட் உள்ள பேட்டரி 13.4 எனத் தெரியும். சார்ஜ் ஏறாத பேட்டரியைச் சார்ஜில் இருப்பதாக நம்பிவிடுவோம்.

இதற்கு எல்எம்4040 வகையின் 4.096 வோல்ட் ரெஃபரன்ஸ் சில்லு போதும். 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக, வெளி ரெஃபரன்ஸை ஏற்கும் ஏரெஃப் பின்னுக்கு இணைப்புக் கொடுத்து, சில்லையும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பொருத்துங்கள். வெளி ரெஃபரன்ஸைப் பயன்படுத்துமாறு கூறும் analogReference(EXTERNAL) கட்டளை, முதல் அனலாக் அளவீட்டுக்கு முன்பே நிரலில் இடம்பெற வேண்டும். இல்லையென்றால் சில்லின் உட்புறத்தில் 5 வோல்ட் சப்ளை நேரடியாக ஏரெஃப்போடு இணைந்து, ரெஃபரன்ஸ் சில்லையோ மைக்ரோகன்ட்ரோலரையோ கெடுத்துவிடலாம். இந்த ஒரு வரியை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைக்க 30 கிலோஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடரில் இணைத்தால் (10 கிலோஓம் கிரவுண்டுப் பக்கம்), இரண்டும் சேரும் இடத்தில் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். அப்போது ஒரு படி என்பது பேட்டரியளவில் 16 மில்லிவோல்ட், ஏறத்தாழ 16.3 வோல்ட் வரை அளக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணி மெகாஓம் ரெசிஸ்டர்களைப் போடுவது தவறு. ஏடிசிக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் குறுகிய நேரத்தில் நிரம்பியாக வேண்டும் என்பதால், மூலத்தின் மின்தடை 10 கிலோஓமுக்குள் இருக்க வேண்டும் என்று சில்லின் தரவுத்தாள் கூறுகிறது. நம் இணைப்பில், இரு ரெசிஸ்டர்களையும் பக்க இணைப்பாகக் கணக்கிட்டால், அது 7.5 கிலோஓம்தான். உள்ளீட்டுப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பின்னை ஒட்டியே வைத்தால் அதிவேக இரைச்சலும் அடங்கும்.

கிரவுண்டு வயரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மோட்டாரோ ரிலேவோ அதே வயரில் 1 ஆம்பியர் இழுத்து, அந்த வயரும் பிரெட்போர்டு இணைப்பும் சேர்ந்து 0.05 ஓம் இருந்தால், 50 மில்லிவோல்ட் வரை ஏடிசியின் உள்ளீட்டில் பிழையாகச் சேரலாம். பேட்டரிக் கணக்கில் அது 0.2 வோல்ட். லோடுக்குத் தனி வயரையும், அளவீட்டுக்குத் தனி வயரையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்தே எடுத்து வாருங்கள்.

இவை முடிந்தபின் நிரலுக்கு வரலாம். ஒரு சேனலிலிருந்து (அனலாக் உள்ளீட்டிலிருந்து) இன்னொன்றுக்கு மாறினால் முதல் அளவைத் தள்ளிவிடுங்கள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 20 மில்லிவினாடி முழுவதும் தொடர்ந்து படித்துச் சராசரி எடுத்தால் அதன் ரீங்காரம் பெருமளவு நீங்கும்.

கடைசி வேலை அளவுதிருத்தம். 1 சதவீத ரெசிஸ்டர்களே இருந்தாலும் பங்கு விகிதம் 1.5 சதவீதம் வரை விலகலாம். நம்பகமான மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளிலேயே அளந்து, நிரலில் உள்ள பெருக்கல் எண்ணைத் திருத்துங்கள். பிறகு சற்றுத் தள்ளிய வேறொரு மின்னழுத்தத்தில் ஒப்பிடுங்கள்: அங்கும் பொருந்தினால் பிழை ரெசிஸ்டர்களில் இருந்திருக்கிறது, பொருந்தாவிட்டால், லோடைத் துண்டித்துவிட்டு மீண்டும் அளந்து, கிரவுண்டு வயரிங்கை முதலில் சோதியுங்கள்.