கிலியன் மர்ஃபியின் நடிப்பை எந்த வரிசையில் பார்ப்பது?

அயர்லாந்து நடிகர் கிலியன் மர்ஃபியை நம்மில் பெரும்பாலோர் 2023இல் வெளியான ‘ஓப்பன்ஹைமர்’ திரைப்படத்தின் வழியாகவோ, 2013 முதல் 2022 வரை ஆறு பருவங்களாக ஒளிபரப்பான ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரின் வழியாகவோதான் அறிந்துகொண்டோம். அவருடைய நடிப்பு உருவான விதத்தை அறிய விரும்புகிறவர்கள் அவ்விரண்டையும் சிறிது காலம் ஒதுக்கிவிட்டு, அவர் பிறந்த கார்க் நகரத்தின் நாடக மேடையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

எண்டா வால்ஷ் எழுதிய ‘டிஸ்கோ பிக்ஸ்’ நாடகத்தை, 1996இல் கார்க்கடோர்க்கா என்ற உள்ளூர் நாடகக் குழு மேடையேற்றியது. அதுவரை இசைக்குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்த மர்ஃபிக்கு அதுவே முதல் தொழில்முறை நாடகம். உடன் நடித்தவர் ஐலீன் வால்ஷ். ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில் பிறந்து, தங்களுக்கென்றே ஒரு மொழியைப் படைத்துக்கொண்ட பதினேழு வயதினர் இருவரின் கதை அது. அந்த மேடையை இனி நம்மால் காண முடியாது என்பதால், முதலில் நாடகப் பிரதியைப் படியுங்கள், அதுவும் வாய்விட்டுப் படியுங்கள். சொற்கள் எவ்வளவு வேகமாகப் பாய்கின்றன என்பது அப்போதுதான் பிடிபடும். அதன் பிறகு 2001இல் வந்த திரைவடிவத்தைப் பாருங்கள். ஐலீன் ஏற்ற பாத்திரத்தில் அங்கே வேறொருவர் நடித்திருக்கிறார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கென் லோச் இயக்கி, 2006இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி’. அயர்லாந்தின் விடுதலைப் போரில் இறங்கும் இளம் மருத்துவராக மர்ஃபி வரும் இப்படத்தில், சிறுவயது முதல் தமக்குத் தெரிந்த ஒரு பையனைத் தம் கையாலேயே சுட்டுக் கொல்ல வேண்டிய காட்சி ஒன்று உண்டு. அதை ஒருமுறை ஒலியோடும், மறுமுறை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள். துயரம் முழுவதும் அவருடைய நடையிலும் தோள்களிலும் இருப்பது தெரியும்.

ஒரு தாளில் படங்களின் ஆண்டுகளை எழுதி, அவற்றின் அருகே நாடகங்களின் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2010இல் ‘இன்செப்ஷன்’ என்றால், 2011இல் அயர்லாந்தின் கால்வே நகரில் ‘மிஸ்டர்மேன்’ நாடகம். ஒலிநாடாக் கருவிகளில் பதிவான குரல்களுடன் தனியொருவராக உரையாடும் அந்நாடகமும், 2014இல் மேடையேறிய ‘பாலிடர்க்’ நாடகமும் எண்டா வால்ஷ் எழுதி இயக்கியவையே. புகழ் பெருகிய காலத்திலும் மர்ஃபி மேடைக்குத் திரும்பிக்கொண்டே இருந்ததை அந்தத் தாள் எடுத்துக்காட்டும்.

இப்போது ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரின் முதல் பருவத்தைப் பாருங்கள். கார்க் உச்சரிப்பை விட்டு பர்மிங்காம் பேச்சுக்கு அவர் மாறியிருப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 2024இல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்த ‘ஓப்பன்ஹைமர்’ அதற்குப் பின் வரட்டும்.

இறுதியாக, 2024இல் வெளிவந்த ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’. 1985இல் அயர்லாந்தின் நியூ ராஸ் என்ற சிற்றூரில் நிலக்கரி விற்கும் ஒரு குடும்பத்தலைவராக மர்ஃபி நடித்த கதை இது. திரைக்கதையை எழுதியவர் எண்டா வால்ஷ். மனைவியாக நடித்தவர் ஐலீன் வால்ஷ். 1996இல் மேடையில் சொற்களைக் கொட்டிய அதே மர்ஃபியும் ஐலீனும் இங்கே கணவன் மனைவியாக மிகக் குறைவாகவே பேசிக்கொள்கிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பியதும் மர்ஃபி தம் கைகளில் ஒட்டிய கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் காட்சி மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் அந்தக் கைகளின் வேகம் எப்படி மாறுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.